பழைய கல் கட்டடத்தில் ஆசிட் அடித்துவிட்டு நான் பட்ட பாடு

உங்கள் பொறுப்பில் ஒரு பழைய கல் கட்டடம் இருக்கிறது, அது பாரம்பரியக் கட்டடம் என்று அரசுப் பட்டியலிலும் இருக்கிறது, அதன் சுவரில் படிந்த கறுப்பைப் பார்த்துப் பார்த்து உங்களுக்குக் கை பரபரக்கிறது என்றால், ஆளைக் கூப்பிடுவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். இதையெல்லாம் எனக்குச் சொல்ல அன்று யாரும் இல்லை. ஒரு வருடத்துக்கும் மேற்பட்ட வருமானம் போனது, 16 மாதம் போனது, இன்னும் பல ராத்திரித் தூக்கம் போனது. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. போன கல் திரும்பி வராது, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்பா இறந்த பிறகு அந்த வீடு எனக்கும் அக்காவுக்கும் வந்தது. இரண்டு மாடி. முகப்பு முழுக்க வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல், சன்னல் சட்டங்களும் வாசல் வளைவும் மட்டும் மணற்கல். இந்த வித்தியாசம்கூட அப்போது எனக்குத் தெரியாது, எனக்கு எல்லாமே வெறும் கல்தான். பால்கனியின் இரும்புக் கம்பிகளிலிருந்து வழிந்த துருக் கறை நாக்கு நாக்காகத் தொங்கியது. மேலே கார்னிசுக்கு, அதாவது சுவர் உச்சியில் வெளியே நீண்டிருக்கும் விளிம்புக்கு, அடியில் தார் பூசினாற்போலக் கறுப்பு. தரையை ஒட்டி இரண்டடி உயரத்துக்குப் பச்சைப் பாசி. வீட்டில் ஒரு பழைய புகைப்படம் உண்டு, கட்டி முடித்த புதிதில் எடுத்தது, அதில் சுவர் அப்படிப் பளிச்சென்று இருக்கும். கட்டடத்துக்கு 100 வயது நிறையப்போகிறது, அதற்குள் அந்தப் படத்தில் இருக்கிற மாதிரி ஆக்கிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி. கடைசி வருடங்களில் உடம்பு முடியாமல் அப்பா வீட்டைக் கவனிக்காமல் விட்டதும், பக்கத்தில் இல்லாமல் நான் விட்டதும் உறுத்திக்கொண்டே இருந்தன. கறையைத் துடைத்துவிட்டால் அந்த உறுத்தலும் போய்விடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. அக்கா மட்டும், "அவசரப்படாதேடா, விவரம் தெரிஞ்சவங்க யாரையாவது ஒரு வார்த்தை கேளு" என்றாள். நான் கேட்கவில்லை.

மூன்று பேரிடம் விலை கேட்டேன். மூவரும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள், சதுர அடியைக் கணக்குப் போட்டார்கள், தொகை சொன்னார்கள். இது என்ன கல், இது என்ன கறை, தண்ணீர் எங்கிருந்து இறங்குகிறது, கட்டடம் பட்டியலில் இருக்கிறதா, அனுமதி வாங்கியாயிற்றா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவர்கள் கேட்காததை நானும் கவனிக்கவில்லை. இப்போது யாராவது என்னிடம் ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், விலை சொல்வதற்கு முன் அவர் உங்களிடம் எத்தனை கேள்வி கேட்டார் என்று எண்ணிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். ஒரு கேள்வியும் கேட்காதவர் எல்லாக் கல்லுக்கும் ஒரே மருந்தை வைத்திருக்கிறார். அப்புறம், அவர் பூசப்போகும் திரவத்தின் பெயரையும் அதன் பாதுகாப்புத் தகவல் தாளையும் எழுத்தில் வாங்குங்கள். நான் வாயால் கேட்டேன், "நம்ம சொந்தக் கலவை சார்" என்று பதில் வந்தது. தொழில் ரகசியமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். நான்கே நாளில் முடித்துத் தருகிறேன் என்றவரிடம் வேலையைக் கொடுத்தேன். மொத்தத் தொகை என் மூன்று மாத வருமானம், அதில் பாதி முன்பணம்.

முதல் நாள் சாரம் கட்டினார்கள். இரண்டாம் நாள் காலையில் பிளாஸ்டிக் வாளியில் மஞ்சளாக ஏதோ கொண்டுவந்து நீளக் கைப்பிடி பிரஷால் பூசினார்கள். சுவர் சீறியது. சோடா பாட்டிலைத் திறந்தாற்போல உண்மையிலேயே சத்தம் கேட்டது, நுரை பொங்கி வழிந்தது. அழுக்கு கரைகிறது என்று நான் சந்தோஷமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கரைந்தது கல். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்புக்கல் என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான், இந்த அமிலம் பட்டதும் அது கால்சியம் குளோரைடாகவும் கார்பன் டைஆக்சைடாகவும் பிரிந்துவிடும். நான் பார்த்த நுரை அந்த வாயு. கறை எந்தத் தோலில் ஒட்டியிருந்ததோ அந்தத் தோலே உரிந்து போவதால் கறையும் கூடவே போகிறது. அதற்கப்புறம் உயர் அழுத்தத்தில் தண்ணீர் பீச்சினார்கள், போகாத இடத்தில் இரும்புக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தார்கள். நான்காம் நாள் சாயங்காலம் சாரத்தைப் பிரித்தபோது சுவர் அந்தப் புகைப்படத்தைவிட வெளுப்பாக நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மீதிப் பணத்தை அங்கேயே கொடுத்தேன். இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கல் சுத்தம் செய்த வேலை நன்றாக வந்ததா என்பது சாரம் பிரிக்கும் அன்று தெரியாது. சுவர் முழுக்கக் காய வேண்டும், ஒரு மழைக்காலம் போக வேண்டும். கால் பங்குப் பணமாவது அதுவரை கையில் நிற்கும்படி ஒப்பந்தம் எழுதுங்கள்.

மூன்றாவது வாரத்தில் தொல்லை தொடங்கியது. முதலில் மணற்கல் சட்டங்களில் ஆரஞ்சு நிறம் ஏறியது. இருந்த துருக்கறை இல்லை இது, கல்லுக்குள்ளிருந்தே வந்த நிறம். மணற்கல்லில் இரும்புக் கனிமங்கள் கலந்திருக்கும், ஆசிட் அவற்றைக் கரைத்துவிடுகிறது, சுவர் காயும்போது அந்தக் கரைசல் மேற்பரப்புக்கு வந்து துருவாகப் படிகிறது. அப்புறம் முகப்பு முழுக்க வெள்ளைப் பொடி பூத்தது, கல்லுக்குள்ளிருந்து வெளிவந்த உப்பு அது. கையால் துடைத்தால் போய்விடும், ஒரு வாரத்தில் திரும்ப வரும். கம்பி பிரஷ் போட்ட இடங்களில் புள்ளி புள்ளியாகப் புதுத் துரு, பிரஷிலிருந்து உடைந்த இரும்புத் துணுக்குகள் கல்லின் துவாரங்களில் மாட்டிக்கொண்டு துருப்பிடித்திருந்தன. உள்ளே மாடி அறைச் சுவரில் ஈரத் திட்டு. உயர் அழுத்தத் தண்ணீர் கல் இடுக்குகளிலிருந்த பழைய சுண்ணாம்புச் சாந்தைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. பழைய கட்டடங்களில் கல்லையும் கல்லையும் பிணைக்க இரும்புப் பட்டைகள் வைத்திருப்பார்கள், அந்த ஈரம் அவற்றை எட்டினால் இரும்பு துருப்பிடித்துப் பருக்கும், பருத்தால் கல் பிளக்கும். எங்கள் வீட்டில் அந்த அளவுக்குப் போகவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

பயந்துபோய் அதே காண்ட்ராக்டரைக் கூப்பிட்டேன். பொடி பூப்பது சகஜம்தான், சிலிக்கோன் கோட்டிங் அடித்துவிட்டால் நின்றுவிடும் என்றார். முகப்பின் இடது பாதிக்கு மட்டும் அடிக்கச் சொன்னேன், கையில் அவ்வளவுதான் பணம் இருந்தது. அந்தப் பணம் இல்லாமல் போனதே நல்லதாயிற்று. கோட்டிங் அடித்த பாதியில் பொடி வெளியே தெரியவில்லைதான், ஆனால் இரண்டு மாதம் கழித்துக் கல் செதில் செதிலாக உரியத் தொடங்கியது. ஈரம் நீராவியாகத்தான் கோட்டிங் வழியாக வெளியே போக முடியும், உப்பால் போக முடியாது. அது தோலுக்குப் பின்னால் சில மில்லிமீட்டர் ஆழத்தில் படிகமாகிறது, படிகம் வளர்ந்து தோலைத் தள்ளுகிறது. உப்பும் ஈரமும் இருக்கிற கல்லின்மேல் தண்ணீர் ஒட்டாத பூச்சை, யார் என்ன உத்தரவாதம் கொடுத்தாலும், அடிக்கவே அடிக்காதீர்கள்.

ஆனால் என்னை உண்மையாக உடைத்தது வாசல் வளைவு. அதில் ஒரு கொடி செதுக்கியிருக்கும், இலை இலையாக. என் உயரத்துக்கு எட்டும் கடைசி இலையில் நரம்புகள் விரலில் தட்டுப்படும். சின்ன வயதில் அப்பா என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு என் விரலைப் பிடித்து அந்த நரம்புகளின்மேல் ஓட்டுவார், இதைச் செதுக்கியவரின் உளி எந்தப் பக்கமிருந்து வந்திருக்கிறது பார் என்பார். ஒருநாள் காலையில் அந்த இலையைத் தொட்டேன், மணல் என் விரலோடு வந்தது. மணற்கல்லில் மணலை மணலோடு பிணைத்து வைத்திருப்பது சில வகைகளில் சுண்ணாம்புப் பசை, அந்தப் பசையை ஆசிட் தின்றுவிட்டது, தளர்ந்ததைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. இலை இருக்கிறது, நரம்பு இல்லை. வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன், அதை எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை. அக்காவிடம் சொல்ல மட்டும் இரண்டு நாள் தைரியம் வரவில்லை.

இதற்கு நடுவில் பாரம்பரியக் கட்டடங்களைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அனுமதியில்லாமல் வேலை செய்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். எதையும் இடிக்கவில்லை, புதிதாகக் கட்டவில்லை, சுத்தம்தானே செய்தேன், அதற்குமா அனுமதி என்று எனக்குக் கோபம். ஆனால் பல நாடுகளின் சட்டத்தில், கட்டடத்தின் தோற்றத்தையோ பொருளையோ மாற்றக்கூடிய எந்த வேலைக்கும் முன் அனுமதி வேண்டும், ஆசிட்டும் மணல் பீச்சுவதும் நிச்சயம் அதில் அடங்கும். சில இடங்களில் இது தண்டனைக்குரிய குற்றம். பட்டியலில் உங்கள் கட்டடம் எந்த வகையில் இருக்கிறது, முகப்பு மட்டுமா முழுக் கட்டடமுமா என்று ஒரு கடிதம் போட்டுக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். காண்ட்ராக்டர் "அனுமதி எல்லாம் வேண்டாம்" என்று சொன்னார் என்பது உங்களைக் காப்பாற்றாது, உரிமையாளர் நீங்கள்தான். கோபத்தை அடக்கிக்கொண்டு நேரில் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அபராதம் போடவில்லை, கல் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற ஒருவரை வைத்துச் சீரமைப்புத் திட்டம் கொடுக்கச் சொன்னார்கள், அப்படிப்பட்டவர்களின் பட்டியலையும் கொடுத்தார்கள். அந்தப் பட்டியல் முதல் நாளிலிருந்தே அங்கே இருந்தது. கேட்டிருந்தால் இலவசமாகக் கொடுத்திருப்பார்கள்.

வந்தவர் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா. முதல் வருகைக்கு அவர் வாங்கிய கட்டணம் நான் ஆசிட்டுக்குக் கொடுத்ததில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. வந்ததும் கறையைப் பார்க்கவில்லை, ஏணி கேட்டார். மாடிக் கூரையின் தண்ணீர் வடிகாலைப் பார்த்தார், சுவரோடு போகும் பைப்பின் பின்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். வடிகால் வாய் இலைதழையால் அடைத்துக் கிடந்தது, பைப்பின் பின்னால் நீள விரிசல். "பாசியை எத்தனை தடவை தேய்ச்சாலும் இது இருக்கிற வரைக்கும் திரும்ப வரும்ங்க" என்றார். பச்சைக்குக் காரணம் அந்த விரிசல். துருவுக்குக் காரணம், பெயிண்ட் போன இரும்புக் கம்பி. இரண்டையும் சரிசெய்ய ஒரு வாரச் சம்பளம்கூட ஆகாது, அதைத்தான் நான் முதலில் செய்திருக்க வேண்டும்.

கறுப்பைப் பற்றி அவர் சொன்னது எனக்குப் புதிது. கறுப்பு எங்கே இருந்தது என்று என் பழைய படங்களை வைத்துக் காட்டச் சொன்னார். கார்னிசுக்கு அடியில், வேலைப்பாடுகளின் நிழலில், அதாவது மழை நேராகப் படாத இடங்களில் மட்டும். காற்றிலிருக்கும் கந்தக டைஆக்சைடு ஈரத்தோடு சேர்ந்து சுண்ணாம்புக்கல்லின் தோலை ஜிப்சமாக மாற்றுகிறது, அந்த ஜிப்சம் படிகங்களுக்குள் புகைக்கரி சிக்கிக்கொண்டு கறுப்புப் படலமாகிறது. மழை படும் இடத்தில் ஜிப்சம் கரைந்து ஓடிவிடும், அதனால் அங்கே சுவர் வெளுப்பாக இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 2.4 கிராம் ஜிப்சம் கரையும், சுண்ணாம்புக்கல் அதில் மிகச் சிறு பங்குதான் கரையும். அப்படியானால் படலத்தை எடுக்கக் கல்லைத் தொடாத வழி பெரும்பாலும் வெறும் தண்ணீர்தான், அதுவும் பீச்சாமல் பனி போலத் தூவும் தண்ணீர். எங்கள் வீட்டின் பக்கச் சுவரை இரண்டாம் கட்டத்தில் செய்துகொள்ளலாம் என்று ஆசிட்காரர் விட்டுவைத்திருந்தார். அந்தச் சுவர் தப்பித்ததால்தான் சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதை நான் கண்ணால் பார்க்க முடிந்தது.

நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவர் சில கதைகள் சொன்னார். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ஏதென்ஸின் பார்த்தினன் கோவில் சிற்பங்களை 1937-38-ல் வெளுப்பாகக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் செம்புக் கருவிகளாலும் கார்போரண்டம் என்ற உராய்பொருளாலும் தேய்த்திருக்கிறார்கள், பளிங்கின் பழைய தோல் பல இடங்களில் போய்விட்டது. ஸ்காட்லாந்தில் மணற்கல் கட்டடங்களை ஊர் ஊராக ரசாயனத்தாலும் மணல் பீச்சியும் சுத்தம் செய்த காலம் உண்டு, பின்னால் ஆராய்ந்து பார்த்தபோது பல கட்டடங்களில் கல் சேதமாகியிருந்தது, சொரசொரப்பான பரப்பில் பாசி முன்பைவிட வேகமாகப் பிடித்தது. வெளுப்பாக்க வேண்டும் என்ற ஆசை பெரிய இடங்களையே விடவில்லை என்று கேட்டபோது என் குற்ற உணர்வு குறையவில்லை, ஆனால் தனியாக இல்லை என்று தோன்றியது.

பக்கச் சுவர் வேலை இப்படி நடந்தது. முதலில் உதிர்ந்து கிடந்த ஒரு துண்டில் ஒரே ஒரு சொட்டு நீர்த்த அமிலம் விட்டு நுரைக்கிறதா என்று பார்த்தார். மணற்கல்லிலும் சுண்ணாம்புப் பசை இருந்தால் நுரைக்கும், அதனால் அது மட்டும் போதாது என்று லென்ஸ் வைத்து மணல் துகள்களையும் பார்த்தார். சுவரில் ஒட்டும் அளவுக் குழாய் ஒன்றை வைத்து, கல் நிமிடத்துக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று குறித்துக்கொண்டார். பிறகு கண்ணில் படாத ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு மூன்று கட்டம் போட்டு, ஒன்றில் இரண்டு மணி நேரம், ஒன்றில் நான்கு, ஒன்றில் ஆறு மணி நேரம் விட்டு விட்டுத் தண்ணீர் தூவினார். படலம் ஊறி இளகியதும் மிருதுவான நார் பிரஷ், அவ்வளவுதான். அதன்பிறகு ஆறு வாரம் ஒன்றும் செய்யவில்லை. எனக்குப் பொறுமை போனது, இரண்டு தடவை போன் செய்து எப்போது ஆரம்பிப்போம் என்றுகூடக் கேட்டேன். காய்ந்த பிறகு நிறம் மாறுகிறதா, உப்பு பூக்கிறதா என்று பார்க்காமல் தொடமாட்டேன் என்றார். என் முகப்புச் சுவரில் ஆரஞ்சும் வெள்ளையும் வெளிவந்தது மூன்றாவது வாரத்தில்தானே, ஒரு சின்னக் கட்டத்தில் அதைப் பார்த்திருந்தால் அங்கேயே நின்றிருப்பேன். மாதிரிக் கட்டம் போடாமல் யார் வேலையை ஆரம்பித்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள், போட்ட கட்டத்தை வேலை முடிந்த பிறகும் அழிக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கச் சொல்லுங்கள். உறைபனி விழும் நாட்களில் தண்ணீர் வேலை கூடவே கூடாது, கல் குடித்த தண்ணீர் உள்ளேயே உறைந்தால் கல் வெடிக்கும்.

பக்கச் சுவரில் பால்கனிக்குக் கீழே இருந்த துருவுக்குப் பற்றுப் போட்டார். வீக்கத்துக்கு நாம் பற்றுப் போடுவோமே, ஏறக்குறைய அதே விஷயம். களிமண்ணையோ காகிதக் கூழையோ மருந்தோடு பிசைந்து கறையின்மேல் அப்பி விட்டால், மருந்து உள்ளே போய்க் கறையைக் கரைக்கும், காயும்போது கரைந்தது பற்றுக்குள் ஏறிவிடும். தாஜ்மகாலின் பளிங்கில் படிந்த மஞ்சளை எடுக்க 1994-லிருந்து பலமுறை போட்டது முல்தானி மட்டிப் பற்றுதான். துருவுக்கு அவர் எடுத்தது அம்மோனியம் சிட்ரேட், கொஞ்சம் கிளிசரின், களிமண். பிளாஸ்டிக் தாளால் மூடி ஒருநாள் விட்டு, மரக் கரண்டியால் வழித்து, உப்பு நீக்கிய தண்ணீரால் கழுவினார். மூன்று தடவையில் அடர் பழுப்பு, நீர்த்த தேநீர் நிறத்துக்கு வந்தது. இன்னும் இரண்டு தடவை போட்டால் முழுக்கப் போய்விடுமே என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். சிட்ரேட் இரும்பைப் பிடிப்பதுபோலக் கால்சியத்தையும் கொஞ்சம் பிடிக்கும், கறை குறையக் குறைய அடுத்த பற்று கறையைவிடக் கல்லைத்தான் அதிகம் எடுக்கும். எனக்கு அந்த நிமிடம்தான் எல்லாம் விளங்கியது. இந்த வேலையில் தெரிந்திருக்க வேண்டியது எங்கே நிறுத்துவது என்பது. சுவர் புதிதாகத் தெரிய வேண்டும் என்று நான் குறி வைத்ததே தப்பு, கல்லுக்குக் கெடுதல் செய்கிற படலம் போனால் போதும், வயசான நிறம் அப்படியே இருக்கலாம்.

லேசர் பற்றியும் கேட்டேன். 1970-களின் தொடக்கத்தில் வெனிசில் இயற்பியலாளர் ஜான் ஆஸ்மஸ் முயன்று காட்டிய முறை அது, கறுப்புப் படலம் ஒளியை உறிஞ்சித் தெறித்துவிடும், வெளிர்க்கல் ஒளியைத் திருப்பிவிடும். சிற்பங்களுக்கும் நுண்ணிய வேலைப்பாட்டுக்கும் அருமையானது, சில நேரம் கல்லில் மஞ்சள் சாயல் விட்டுப்போகும். எங்கள் சுவர் அளவுக்குச் செய்யக் காலமும் செலவும் கட்டுப்படியாகாது என்று அதை விட்டுவிட்டோம். பாசிக்கு அதைவிட எளிது: பைப்பை மாற்றிச் சுவரை உலர விட்டதிலேயே பாதி வாடியது, மீதிக்கு நார் பிரஷ். ஓரிடத்தில் மட்டும் பாசிக்கொல்லி தெளித்துச் சில வாரம் காத்திருந்தோம். பிளீச்சிங் திரவத்தைத் தெளிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை, அது கல்லுக்குள் சாப்பாட்டு உப்பை விட்டுப்போகிறது. லைக்கன் எனப்படும், பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வளரும் திட்டுகளைச் சுரண்டவும் வேண்டாம், சில வகைகள் கல்லுக்கு உள்ளேயே வேர் மாதிரி இழைகளை இறக்கியிருக்கும், பிய்த்தால் கல்லோடு வரும்.

உங்கள் கட்டடம் கிரானைட் என்றால் இதெல்லாம் நமக்கு இல்லை என்று இருந்துவிடாதீர்கள். அதற்கென்று விற்கும் சில திரவங்களில் அம்மோனியம் பைஃபுளோரைடு இருக்கும், அது ஹைட்ரோஃபுளோரிக் அமிலமாக வேலை செய்யும். சன்னல் கண்ணாடியைப் பழுதாக்கும், தோலில் பட்டால் வலி உடனே தெரியாமலே உள்ளே எலும்புவரை இறங்கும், அதிகம் பட்டால் உயிருக்கே ஆபத்து. சாரத்தில் நிற்பவர்களின் உயிரும் உங்கள் பொறுப்புதான். காஸ்டிக் சோடா கலந்தவையும் அப்படியே விட்டுவிடக்கூடியவை இல்லை, கழுவிய பின்னும் கல்லில் தங்கும் சோடியம் பின்னால் சோடியம் சல்பேட்டாக மாறலாம். அந்த உப்பு ஈரம் பட்டால் மூன்று மடங்குக்கும் மேல் பருக்கும், காய்ந்தால் சுருங்கும், மழைக்கு மழை கல்லை உள்ளிருந்தே உடைக்கும்.

சரி, முகப்புக்கு வருகிறேன். அங்கே சுத்தம் செய்ய ஒன்றும் மிச்சமில்லை, உப்பை வெளியே எடுப்பதுதான் வேலை. காகிதக் கூழையும் களிமண்ணையும் உப்பு நீக்கிய தண்ணீரில் பிசைந்து இரண்டு சென்டிமீட்டர் தடிமனில் சுவர் முழுக்க அப்பினார்கள். அது மெதுவாகக் காய மூன்று வாரம். காய்ந்ததைப் பிரித்து எடுத்து, ஒரு பிடியைத் தண்ணீரில் கரைத்து மின்கடத்தும் திறனை அளந்து உப்பு எவ்வளவு வந்திருக்கிறது என்று எழுதினார். வலது பாதியில் நான்கு சுற்றில் அளவு நன்றாக இறங்கியது. சிலிக்கோன் அடித்த இடது பாதியில் பற்றின் தண்ணீரே உள்ளே போகமாட்டேன் என்றது, கரைப்பான் வைத்து அந்தப் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்த பிறகே உப்பு வர ஆரம்பித்தது. ஆரஞ்சு ஏறிய மணற்கல் சட்டங்களை லேசாக மட்டும் தணிக்க முடிந்தது. கல் இடுக்குகளை சிமென்ட் இல்லாமல் சுண்ணாம்புச் சாந்து வைத்து நிரப்பினார்கள், ஈரம் கல் வழியாக வராமல் இடுக்கு வழியாக வெளியேறட்டும் என்று. உதிரும் இலையில் மணல் பிணைய ஒரு மருந்தை ஊசியால் விட்டார்கள். நரம்பை மறுபடி செதுக்கலாமா என்று நான் கேட்டேன், அது இன்னொருவர் செதுக்கிய நரம்பாக இருக்கும் என்றார், அதற்குமேல் நான் பேசவில்லை. மொத்தமாக இந்தச் சீரமைப்புக்கு என் பத்து மாத வருமானம் போனது, பாதிக்குமேல் கடன்.

காண்ட்ராக்டரிடம் இழப்பீடு கேட்டேன். ரசீதில் "சுவர் சுத்தம்" என்ற இரண்டு சொல்லைத் தவிர வேறு எதுவும் இல்லை. முறை, திரவம், அழுத்தம், கல் வகை எதுவும் எழுதாத காகிதத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். அதனால் ஒப்பந்தத்தில் என்ன மருந்து, எத்தனை நேரம், குழாய் முனையில் எவ்வளவு அழுத்தம், எவை கூடவே கூடாது, மாதிரிக் கட்டத்தை யார் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு வேலை தொடங்கும் என்று எல்லாம் வர வேண்டும். வேலைக்கு முன் ஒவ்வொரு அடியையும் ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள், நான் எடுத்தவை எல்லாம் தூரத்திலிருந்து எடுத்த அழகுப் படங்கள். கல்லில் தெரிவது என்ன என்று பெயர் சொல்லத் தெரியாமல் தவிப்பவர்களுக்கு, கல் சிதைவு வகைகளைப் படத்தோடு விளக்கும் சொற்களஞ்சியம் ஒன்றை நினைவுச் சின்னங்களின் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பான இகோமோஸின் கல் குழு 2008-ல் வெளியிட்டிருக்கிறது. பொடி உதிர்வதும் செதில் உரிவதும் உப்பு பூப்பதும் வேறு வேறு என்று அதைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன்.

இப்போது பக்கச் சுவர் யானைத் தந்தத்தின் நிறத்தில் இருக்கிறது, கார்னிசுக்கு அடியில் லேசான நிழல், பால்கனிக்குக் கீழே அந்தத் தேநீர்க் கறை. பார்க்க எனக்கு உறுத்தவே இல்லை. மழைக்காலத்துக்கு ஒரு மாதம் முன்பு அக்கா ஏணியைப் பிடித்துக்கொள்ள நான் ஏறி வடிகாலைச் சுத்தம் செய்கிறேன், பைப்பைத் தட்டிப் பார்க்கிறேன், கம்பியில் பெயிண்ட் விட்டுப்போன இடத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறேன், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதுகிறேன். போன வாரம் முகப்பின் இடது பாதியில், இரண்டாவது சன்னலுக்குக் கீழே, மறுபடியும் வெள்ளைப் பொடி கொஞ்சம் தெரிந்தது. துடைக்காமல் படம் எடுத்து அந்த அம்மாவுக்கு அனுப்பினேன். தொடாதீங்க, மழை முடிஞ்சு காயட்டும், வந்து இன்னொரு பற்றுப் போட்டுப் பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது.